மொய் நோட்டும் இணைய வகுப்பும்

ஆடி பிறந்துவிட்டால் கறம்பக்குடி, வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பிவிடும். ஆவணி முடியும்வரை வீட்டுக்கு வரும் பத்திரிகைகளை அடுக்கி வைத்துத் தேதி பார்க்க வேண்டியிருக்கும். பந்தலின் ஒரு பக்கம் கறிச்சோறு. இன்னொரு பக்கம் மேசை போட்டு, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மொய் எழுதுபவர்கள். வருகிறவர் முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். அடுத்துத் தகப்பனார் பெயர், பிறகு தன் பெயர், கடைசியில்தான் தொகை. ஒரே ஊரில் நான்கு முருகேசன் இருந்தால் தகப்பனார் பெயர் பிரித்துக் காட்டிவிடும். அதுவும் ஒன்றாக இருந்தால் தெருவையோ வீட்டுப் பெயரையோ சேர்த்து எழுதுவார்கள். பழைய மொய் எவ்வளவு, அதற்கு மேல் வைத்த புதுநடை எவ்வளவு என்பது தனித்தனியாகத் தெரிய வேண்டும். சில ஆண்டுகள் கழித்து இந்த நோட்டைப் பார்த்துத்தான் திருப்பிச் செய்யப்போகிறார்கள். ஒரு முருகேசனுக்கு உரியதை இன்னொரு முருகேசன் பெயரில் ஏற்றிவிட்டால் இரண்டு குடும்பம் முகம் பார்க்காமல் போய்விடும்.

தரவுத்தளம் படிக்கிற மாணவர் முதல் வாரத்தில் கற்கும் பாடம் இதுதான். ஒவ்வொரு வரிசையையும் மற்றதோடு குழம்பாமல் பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் வேண்டும். ஒரு பத்தி போதாவிட்டால் இரண்டு மூன்றைச் சேர்த்து அந்த அடையாளத்தை உண்டாக்கலாம். கணினிக்காரர்கள் அதை ‘பிரைமரி கீ’ என்பார்கள். இணையத்தில் இந்தப் பாடத்தை நடத்தும் காணொளிகளில் பெரும்பாலானவை ‘எம்ப்ளாயி ஐடி’, ‘டிபார்ட்மெண்ட்’, ‘மேனேஜர்’ என்றுதான் தொடங்கும். தந்தையின் மடியில் உட்கார்ந்து மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்த பெண்ணுக்கு இந்தப் பிரச்சினையும் தெரியும், அதன் தீர்வும் தெரியும். ஆனால், பாடம் அவளை முதலில் ஒரு நிறுவனத்துக்குள் அழைத்துச் செல்கிறது. மேலாளர் யார், பிரிவு என்றால் என்ன, ஊழியருக்கு ஏன் எண் தருகிறார்கள் என்பதையெல்லாம் ஊகித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் பாடத்தின் வாசலுக்கே அவள் வருகிறாள். அதற்குள் காணொளி அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறது.

கறம்பக்குடி போன்ற சிற்றூர்களிலும் இன்று பல வீடுகளில் இணையத்தில் படிக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் என்பிடெல், நான் முதல்வன் பாடங்களை எடுக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் யூடியூபில் இயற்பியல் கேட்கிறார்கள். திருமணமாகிக் குழந்தை பெற்ற பெண்கள் டேலி கற்கிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் எக்செல் கற்றுக்கொண்டு கடைக்கணக்குப் பார்க்க நினைக்கிறார்கள். இவர்களுக்குப் பாடம் எடுப்பவர் பெங்களூரிலோ சென்னையிலோ தில்லியிலோ இருக்கிறார். அதே பாடத்தைக் குமரியில் ஒரு மீனவர் மகனும் கூடலூரில் ஒரு தேயிலைத் தொழிலாளி மகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து எந்த எடுத்துக்காட்டைச் சொல்வது? கல்வி பற்றிப் பேசும்போது கட்டணம், இணைய வேகம், கைபேசி வசதி பற்றியெல்லாம் பேசுகிறோம். எடுத்துக்காட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. புரிந்ததா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது.

நேரில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனின் புருவம் சுருங்கினால் உடனே வேறொரு உதாரணத்துக்குத் தாவிவிடுவார். சொல்லிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, “சரி, உங்க ஊர்ல போர் போட்டிருக்காங்கல்ல...” என்று ஆரம்பிப்பார். பதிவு செய்த பாடத்தில் இது நடக்காது. ஒருமுறை சொன்ன உதாரணம் பல லட்சம் பேருக்கு, பல ஆண்டுகளுக்கு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் இணையப் பாடத்துக்கு உதாரணம் தேர்வதற்கு, வகுப்பறைப் பாடத்துக்குச் செலவழிப்பதைவிடப் பல மடங்கு யோசனை தேவைப்படுகிறது.

நம் பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடத்தில் தோற்ற எடை வருகிறது. மின்தூக்கி முடுக்கத்தோடு மேலே போகும்போது உடல் கனக்கும், முடுக்கத்தோடு கீழே இறங்கும்போது லேசாகும் என்று விளக்குகிறார்கள். இயற்பியலின்படி இது மிகப் பொருத்தமான உதாரணம். ஆனால், கறம்பக்குடியில் மின்தூக்கியில் ஏறி இறங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதே பிள்ளைகள் திருவிழா ராட்டினத்தில் ஏறியிருக்கிறார்கள். உச்சியிலிருந்து தொட்டி சரேலென இறங்கும்போது வயிற்றுக்குள் ஏதோ மிதப்பதுபோல் இருக்குமே, அந்த உணர்வை ஆசிரியர் நினைவூட்டிவிட்டால் போதும், பாதிப் பாடம் முடிந்துவிடும். மின்தூக்கியை நீக்க வேண்டியதில்லை, தேர்வில் அதுதான் வரும். ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பிறகு மின்தூக்கிக்கு அழைத்துப் போகலாம்.

தெரிந்ததிலிருந்து தொடங்கும் இந்த வேலையை நம் புதுக்கோட்டை மாவட்டம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறது. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், நாற்று நடுபவர்கள் மாலையில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். அவர்களுக்கு ‘அணில்’, ‘ஆடு’ என்று குழந்தைப் பாடம் நடத்தவில்லை. ‘பட்டா’ போன்ற சொற்களை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள எழுத்துகளைப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். நிலம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை, பட்டா இல்லாதவர் என்ன செய்ய வேண்டும் என்று பேச்சு நீளும். பேச்சு முடியும்போது எழுத்தும் கைக்கு வந்திருக்கும். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1960களின் தொடக்கத்தில் முதியோருக்குக் கற்பித்த வழியின் தாக்கம் இதில் உண்டு. அவரும் செங்கல் போன்ற அன்றாடச் சொற்களிலிருந்துதான் எழுத்துக்கு வந்தார். எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டது புதுக்கோட்டையின் தனிச் சிறப்பு.

அந்தச் சைக்கிள் கதையைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அது இந்தியில் மொழிபெயர்க்கப்பட்டு, என்சிஇஆர்டியின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது. பாட்னாவிலும் போபாலிலும் உள்ள பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் மிதித்ததைப் படித்து, விடுதலை என்றால் என்ன என்று பேசினார்கள். அவர்களில் யாருக்கும் புதுக்கோட்டை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும், பாடம் எடுபட்டது. அந்த ஊர் எப்படிப்பட்டது, அங்கே பெண்களுக்கு என்ன தடை இருந்தது, சைக்கிள் வந்ததும் என்ன மாறியது என்பதையெல்லாம் எழுதியவர் சொல்லியிருந்தார். பின்புலத்தைச் சொன்னால் தொலைதூரத்து உதாரணமும் பிள்ளைகள் மனதில் தங்கும் என்பதற்கு இது நம் மாவட்டமே தந்த சான்று. பின்புலத்தைச் சொல்லாமல், எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போகிறபோதுதான் சிக்கல் வருகிறது.

இன்னும் பின்னே போனால், திண்ணைப் பள்ளிக் காலத்தில் காரி நாயனாரின் கணக்கதிகாரம் இருக்கிறது. பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளை எண்ண அது ஒரு வழி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அதை ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் நூறு என்றால் சுளை நூற்றிருபது. ஒவ்வொரு பழத்துக்கும் இது சரியாக வருமா என்பது வேறு விஷயம். ஆறால் பெருக்கி ஐந்தால் வகுப்பதைப் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு கற்றவன் பின்னத்தை மறக்க மாட்டான். வடகாட்டுப் பலாவை மண்டிக்கு ஏற்றுகிறவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை யாராவது காணொளியில் சொல்லியிருக்கிறார்களா? தமிழில் கணக்குச் சொல்லும் யூடியூப் ஆசிரியர்கள் இதை ஒருமுறை எடுத்தாள வேண்டும்.

உள்ளூர் உதாரணம் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று சொல்லிவிடவும் முடியாது. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த சிறுவர்களை வைத்து டெரெசின்யா கராயரும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. தேங்காய் விற்ற 12 வயதுப் பையனிடம் ஒன்று 35 குருசேரோ என்றால் நான்கு தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்றுக்கு 105 என்பது அவனுக்கு மனப்பாடம், அதோடு ஒன்றைச் சேர்த்து 140 என்றான். அதே பையனிடம் தாளில் 35ஐ 4ஆல் பெருக்கச் சொன்னபோது 200 என்று எழுதினான். அந்தச் சிறுவர்கள் தெருவில் போட்ட கணக்கில் நூற்றுக்கு 98 சரி. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, தில்லி சந்தைகளில் இதையே கண்டது. கடையில் மின்னல் வேகத்தில் மனக்கணக்குப் போடும் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

இதில் நமக்கு முக்கியமான செய்தி, சந்தைக் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறியது. தெரிந்ததிலிருந்து தொடங்கினால் மட்டும் போதாது. தேங்காயிலிருந்து 35 × 4க்கு வரும் பாதையை ஆசிரியர் போட்டுத் தர வேண்டும். மூன்றுக்கு 105, அதோடு 35 என்று நீ மனதில் செய்தது இதுதான், அதையே தாளில் இப்படி எழுதுகிறோம் என்று ஒவ்வோர் அடியாகக் கைபிடித்துக் கூட்டிவர வேண்டும். இணையப் பாடங்களில் அதிகம் விட்டுப்போவது இந்தப் பாதைதான். உள்ளூர் உதாரணத்தைப் பாடத்தின் முகப்பில் அலங்காரமாக வைத்துவிட்டு, “சரி, இப்ப ஃபார்முலாவுக்கு வருவோம்” என்று குதித்துவிடுகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. உள்ளூர் என்று நாம் சொல்வது ஓர் ஆள் அல்ல. மொய் விருந்து கறம்பக்குடி வட்டாரத்தின் பெருமை. ஆனால், விருந்து வைக்கவும் மொய் செய்யவும் கையில் புரளும் பணம் வேண்டும். அன்றாடக் கூலியில் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு மொய் நோட்டு என்பது அடுத்த தெரு விஷயம். பந்தலில் இலை எடுக்கப் போன வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு அந்த உதாரணம் வேறு எதையோ நினைவூட்டலாம். தென்னையும் அப்படித்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப்போட்டது. பிள்ளையைப்போல வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. நூறு மரத்தில் அறுபது விழுந்தால் மீதி எத்தனை விழுக்காடு என்று இங்குள்ள பிள்ளையிடம் கேட்பது கணக்குக் கேள்வியாக மட்டும் இருக்காது. வகுப்பறையில் இருக்கும் ஆசிரியருக்கு இது தெரியும், கேட்க மாட்டார். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்ட ஒரு முயற்சி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னை ஐஐடி 2020 ஜூன் 30 அன்று புரோகிராமிங், டேட்டா சயின்ஸ் பாடத்தில் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுத வேண்டியதில்லை. நான்கு வாரம் பாடம் நடத்தி, அதிலிருந்து தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையும் பணி ஓய்வு பெற்றவரும் வணிகவியல் படித்தவரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். இதன் தொடக்கப் பாடங்களில் ஒன்று கணினிச் சிந்தனை. மாதவன் முகுந்தும் ஜி. வெங்கடேஷும் நடத்துகிறார்கள். அவர்கள் முதலில் கணினியைத் தொடுவதே இல்லை. மேசைமேல் அட்டைகளைப் பரப்புகிறார்கள். ஒரு கட்டில் மாணவர் மதிப்பெண் அட்டைகள், இன்னொன்றில் கடை ரசீதுகள், மூன்றாவதில் ஒரு பத்தியின் சொற்கள், சொல்லுக்கு ஓர் அட்டை. அந்தப் பத்தி ஆர்.கே. நாராயணின் முதல் நாவலான ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ நூலிலிருந்து வருவது. ஒவ்வோர் அட்டையாகக் கையில் எடுத்து, பார்த்து, மறு பக்கம் வைத்து, அதிக மதிப்பெண் யார், சராசரி என்ன, எந்தக் கடையில் கூட்டம் அதிகம் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இதன் சிறப்பு, அந்த மூன்று கட்டுகளும் மூன்று வெவ்வேறு உலகங்களிலிருந்து வருவது. பள்ளிக்கூடம் வாய்த்தவருக்கு மதிப்பெண் அட்டை, குடும்பம் நடத்துபவருக்கு ரசீது, கதை படிப்பவருக்குப் பத்தி. மூன்றிலும் செய்கிற வேலை ஒன்றுதான் என்பது மெல்ல மெல்லத் தெரியவரும்போது, அந்த வேலையின் வடிவம் அட்டையிலிருந்து பிரிந்து மனதில் நிற்கிறது. நம் ஊர் மளிகைக் கடையில் துண்டுச்சீட்டில் கிறுக்கித் தருவதற்கும் அந்தச் சீரான ரசீதுக்கும் தூரம் இருக்கிறது, பாடமும் ஆங்கிலத்தில்தான் தொடங்குகிறது என்ற குறைகளைச் சொல்லலாம். இருந்தும், இந்தியாவில் இணையப் பாடம் தயாரிக்கும் எவரும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டிய வகுப்பு அது.

ஒன்றுக்கு மேற்பட்ட உதாரணம் ஏன் வேண்டும் என்பதற்கு உளவியலில் அழுத்தமான சான்று உண்டு. மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இருவர் 1980இலும் 1983இலும் செய்த ஆய்வுகளின்படி, ஒரு கதையை மட்டும் கேட்டவர்களில் பெரும்பாலோர் அதன் கருத்தை வேறொரு பிரச்சினைக்குப் பொருத்தத் தெரியாமல் நின்றார்கள். மேலுக்கு வேறாகவும் உள்ளுக்கு ஒன்றாகவும் இருந்த இரண்டு கதைகளைக் கேட்டு ஒப்பிட்டவர்களில் அதைச் செய்தவர்கள் அதிகம். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே உதாரணத்தைத் தேடி இணைய ஆசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அப்படித் தேடிக் கிடைப்பது பெரும்பாலும் கிரிக்கெட்டும் பீட்சாவும்தான். இரண்டு வெவ்வேறு உலகங்களிலிருந்து இரண்டு உதாரணங்களைச் சொல்லிவிட்டால் அந்தத் தேடலே தேவையில்லை.

சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்கொள்வோம். கீரமங்கலம் பூச்சந்தையில் மல்லிகை ஐந்து நாட்களில் கிலோ 300, 280, 320, 300, 2,000 ரூபாய்க்குப் போனதாக வைத்துக்கொள்வோம். கடைசி நாள் முகூர்த்தம். கூட்டி வகுத்தால் சராசரி 640. ஆனால், ஐந்து நாளில் ஒரு நாள்கூட யாரும் 640க்கு விற்கவில்லை. விலைகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 300. பறிப்பவர் வாழ்க்கை பெரும்பாலான நாட்களில் அந்த முந்நூறில்தான் ஓடுகிறது. இதைச் சொன்ன கையோடு, நான்கு பேர் முப்பதாயிரம் வாங்கும் அலுவலகத்தில் முதலாளி ஐந்து லட்சம் எடுத்துக்கொள்வதைச் சொல்லலாம். அங்கே சராசரி 1,24,000, இடைநிலை 30,000. பூச்சந்தை தெரியாத சென்னைப் பிள்ளைக்கு அலுவலகம் புரியும், அலுவலகம் தெரியாத கீரமங்கலம் பிள்ளைக்குச் சந்தை புரியும். தனக்குத் தெரியாத மற்றதையும் இருவரும் சேர்த்தே புரிந்துகொள்வார்கள். முகூர்த்த நாள் என்றால் பூ விலை ஏறும் என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் கோஹிமாவில் கேட்பவருக்கும் விளங்கும்.

பொதுவான உதாரணமே கிடையாது என்றும் இல்லை. படிநிலைக் கட்டணத்தை விளக்க வருமான வரியைத்தான் பலரும் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் வருமான வரி கட்டாத வீடு ஏராளம், கரண்டு பில் வராத வீடு குறைவு. முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும் விகிதம் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தப் பகுதியில் போர் போடுகிறவர்கள் ஆழம் கூடக்கூட அடிக்கு இவ்வளவு என்று விகிதத்தை ஏற்றிக் கேட்பார்களே, அதையும் பக்கத்தில் வைத்தால் பாடம் முடிந்தது.

ஓர் உதாரணம் புரியவைப்பதோடு நிற்பதில்லை, இது யாருடைய பாடம் என்பதையும் சொல்லிவிடுகிறது. உலகம் முழுவதும் இயந்திரக் கற்றல் படித்தவர்கள் பல ஆண்டுகள் பாஸ்டன் வீட்டு விலைத் தரவை வைத்துப் பழகினார்கள். அதில் கறுப்பின மக்களின் விகிதத்தை வைத்துக் கணக்கிட்ட ஒரு பத்தி இருந்தது. கறுப்பினத்தவர் அக்கம்பக்கத்தில் இருப்பதை வீட்டு விலையோடு முடிச்சுப்போடும் அந்தப் பத்தியை லட்சக்கணக்கான மாணவர்கள் கேள்வி கேட்காமல் கடந்து போனார்கள். 2022 டிசம்பரில் வந்த பதிப்பில்தான் சைக்கிட்-லேர்ன் மென்பொருள் அந்தத் தரவை நீக்கியது. தமிழ்ப் பாடங்களிலும் சொத்துக் கணக்கு என்றால் மகன்களுக்குப் பங்கு, சமையல் கணக்கு என்றால் அம்மா என்று வருகிறவற்றை இன்னும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. 2020இல் பள்ளிகள் மூடியபோது மாநிலம் முழுமைக்கும் ஒரே ஆசிரியர் ஒரே உதாரணத்தைச் சொல்லிப் பாடம் நடத்தினார். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, அந்தந்தத் தெருவிலிருந்தே தன்னார்வலர்கள் பாடம் நடத்தினார்கள். முன்னதற்குப் பரப்பு இருந்தது, பின்னதற்கு உள்ளூர் அறிவு இருந்தது. இரண்டையும் இணைக்க அரசிடம் ஆள் இருக்கிறது, கருவி இருக்கிறது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒவ்வொரு பாடத்துக்கும் மாவட்டவாரியாக உதாரணங்களைத் திரட்டி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைக்க வேண்டும். பாடநூலின் க்யூஆர் குறியீட்டைத் தட்டினால் ஒரே காணொளி வருவதற்குப் பதிலாக, கடற்கரை, மலை, தென்னை வட்டாரம், மாநகரம் என நான்கு உதாரணங்கள் வரலாம். அவற்றை ஒப்பிட்டு, இதெல்லாம் எப்படி ஒரே கணக்கு என்று விளக்கும் ஐந்தாவது காணொளி கட்டாயம் வேண்டும்.

தனியாகச் சேனல் நடத்தும் ஆசிரியர்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம். காணொளியின் முடிவில், இந்தப் பாடத்துக்கு உங்கள் ஊரில் என்ன உதாரணம் சொல்வீர்கள் என்று ஒரு கேள்வியைக் கேளுங்கள். வரும் பதில்களில் சிறந்த இரண்டை அடுத்த பாடத்தின் தொடக்கத்தில் அனுப்பியவரின் ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள். கறம்பக்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். ராட்டினம், மொய் நோட்டு, போர்க்கணக்கு என்று வகுப்பில் நீங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லி, பிள்ளைகள் முகம் மலர்ந்த உதாரணங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எங்கே குழம்பினார்கள், எதைச் சொன்னதும் தெளிந்தார்கள் என்று நான்கு பத்தி போதும். இந்த ஆடிக்குள் தொடங்கிவிடுங்கள்.